ஒரு நாள்கூட லீவு போடாதவர்

என்னங்க,

சாயங்கால மீட்டிங் என்று சொல்லிவிட்டு நான் போவது ஆபீசுக்கு அல்ல, ஆஸ்பத்திரி மாடியில் ஒரு அறைக்கு. வேலைக்கு ஓட ஒரு மாத்திரை, தூங்க ஒரு மாத்திரை என்று ஆகிப்போன நாங்கள், அதை விடுவதற்காக அங்கே வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். பார்த்தால் எல்லோரும் பெரிய உத்தியோகம்.

என் பக்கத்து நாற்காலி ஓர் என்ஜினியருடையது. "நாம விழுந்தாக்கூட சட்டை இஸ்திரி கலையாது மேடம்" என்று சிரிக்கவைப்பார். போன வாரம் அவர் வரவில்லை. மாத்திரை அதிகமாகி, குளியலறையில் இறந்துகிடந்தாராம்.

துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அவரோட ஆபீஸா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"ஒரு நாள்கூட லீவு போட்டதில்லங்க. தலைவலின்னு சொன்னதில்ல. கல்லு மாதிரி இருந்த மனுஷன், எப்படிங்க?"

எனக்குத் தெரியும். கையை விடுவித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கு நீங்கள், "முகம் வாடியிருக்கே, ரொம்ப வேலையா?" என்றீர்கள். அதற்கும் ஆமாம் என்றேன்.

இன்றைக்கு அந்த அறைக்குப் போகக் கால் வரவில்லை. கைப்பையில் மாத்திரை இருக்கிறது. வீட்டில்தான் இருக்கிறேன். இதைப் படித்ததும் போன் செய்யாதீர்கள். போனில் கேட்டால், நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிவிடுவேன்.

நேரில் வாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி