இன்னாசியின் நாடி

கொற்கைக் கலத்தின் மருத்துவப் பதிவு. எழுதுபவர் அருளானந்தம், ஒப்பந்தச் சட்ட அலுவலர். கலத்தில் இருவர், மற்றவர் கலவோட்டி இன்னாசி. பூமிக்கு ஒரு செய்தி சென்று சேர இருபத்திரண்டு நிமிடம் ஆகும்.

நாள் 1, 09:10
நேற்று, இன்னாசியின் முறுக்கிக்கொண்ட குடலில் ஒரு சாண் அளவை அறுவை இயந்திரம் வெட்டி நீக்கி, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தது. நான் விளக்குப் பிடித்தேன். இடையில் மயங்கி விழுந்தேன். இன்று நாடி 84. காய்ச்சல் இல்லை. விதிப்படி, உடலுக்கு எடை தரும் சுழல்தளத்தில் மெல்ல நடக்கவைத்தேன். மணிக்குப் பத்து முறை ஆழ்ந்து மூச்சிழுக்கச் செய்தேன்.

நாள் 2, 11:00
நாடி 88. இயந்திரத்தின் வலக்கை அசையவில்லை. உதிரிப்பாகம் இல்லை. மறைப்பது முறையன்று என்பதால் இன்னாசியிடம் தெரிவித்தேன். அவர் கூற்று, சொன்னபடியே: "அப்ப அடுத்த தடவ நீங்கதான் வெட்டணுமாக்கும்? மயங்கி என் மேலயே விழுந்துராதீங்க, வக்கீலய்யா."

குடல் இயங்குகிறதா என்றறிய, வாயு பிரிந்ததா எனக் கேட்டேன்.

"அதையுமா எழுதுவீங்க?"

எழுதுகிறேன்: பிரிந்தது.

நாள் 4, 08:30
நாடி 104. வெப்பம் 38.1. கஞ்சி பாதிக்கு மேல் மிச்சம். வலி உண்டா என மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் இல்லை என்றார். நேரடிச் சாட்சியம் முரணின்றி இருப்பதால் ஏற்றேன். நான் மூன்று நாளாகச் சரியாக உறங்கவில்லை. இது காரணமன்று; குறிப்பு மட்டுமே.

நாள் 5, 07:15
நாடி 118. நடக்க மறுத்தார். எல்லா அளவுகளையும் பூமிக்கு அனுப்பினேன்.

08:04
பூமியிலிருந்து டாக்டர் மங்கையர்க்கரசியின் செய்தி: "அருளானந்தம் சார், வலி இல்லன்னு அவர் சொல்றத விடுங்க. நாடி நேத்தே சொல்லிடுச்சே! தையல் கசியுது. கிருமிக்கான ஊசிய உடனே போடுங்க. வாயில ஒண்ணும் குடுக்காதீங்க. வயிறு பலகை மாதிரி இறுகிட்டா என் பதிலுக்குக் காத்திருக்காதீங்க, திறந்து கழுவணும். எப்படின்னு வரிசையா அனுப்பியிருக்கேன்."

08:20
ஊசி போட்டேன். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"வலிக்குன்னா நீங்கல்லா வெட்டணும். அன்னைக்கு மயக்கம் குடுக்கதுக்கு முன்ன உங்க மூஞ்சியப் பாத்தேன்யா. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, காலம் பூரா அதையே எழுதிட்டுக் கெடப்பீங்க."

நாடியைக் குறித்தேன். படிக்கவில்லை. தவறு என்னுடையது.

09:40
நாடி 132. வயிறு பலகை. கைகளைக் கழுவிவிட்டேன். மயக்க மருந்து ஏற்றுமுன் கடைசியாகக் கேட்டேன், வலிக்கிறதா என்று.

"இல்ல, வக்கீலய்யா."

இதை ஏற்கவில்லை.

10:02
திறக்கிறேன். விளக்குப் பிடிக்க ஆளில்லை.