என் போனுக்கு மட்டும் நெட் இல்லை

ஐப்பசி 17, திங்கள்

கலைமதி காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலை. போகும்போது வெளிக்கேட்டைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். விழுந்து ஒடிந்த என் காலில் மாவுக்கட்டு பிரிக்கும்வரை அப்படித்தான் என்று குவைத்திலிருந்து என் மகன் சிவபிரகாஷ் உத்தரவு. மருமகள் என்ன செய்வாள், புருஷன் சொல்.

ஹாலில் ஆள் விட்டு ஒரு கேமரா மாட்ட வைத்திருக்கிறான். நான் வாக்கரைப் பிடித்து வாசல் பக்கம் நகர்ந்தால் போதும், "ஆத்தா, அங்கிட்டு எங்க போறீங்க?" என்று சுவரிலிருந்து சிவபிரகாஷ் கேட்கிறான்.

மதியம் சிங்கப்பூரிலிருந்து ராஜலட்சுமி கூப்பிடவில்லை. என் மகள் கூப்பிடாத நாள் கிடையாது. பார்த்தால் போனில் நெட்டே வரவில்லை. பகல் முழுக்க நான் மனுச முகம் பார்ப்பது அதில் மட்டும்தான்.

ஐப்பசி 18, செவ்வாய்

இன்றும் இல்லை. கலைமதியிடம் சொன்னேன். "ஒங்க போன் பழசாயிருச்சு அத்தை" என்றாள். சொல்லிவிட்டு அதே சோபாவில் உட்கார்ந்து அவள் போனில் சீரியல் பார்க்கிறாள். அவளுக்கு வருகிற நெட் ஒரு முழம் தள்ளி இருக்கிற எனக்கு வராதா?

ஐப்பசி 21, வெள்ளி

படுத்துக்கொண்டே யோசித்தேன். எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையால் வந்தது.

என் தம்பி திருப்பதி, அவன் பேரனுக்குக் காது குத்திய படத்தைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டிருந்தான். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறது. கீழே, 'மாமன் மடிக்கு ஈடுண்டா' என்று எழுதியிருக்கிறான். யார் எழுதுவது! சிவபிரகாஷுக்குக் காது குத்தியபோது ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார், தாய்மாமனைக் காணோம். கடைசியில் பக்கத்து வீட்டு ராக்கன் மடியில் வைத்துக் குத்தினோம். சபையில் நான் தலைகுனிந்து நின்றேன். தம்பி ஐயா மாமியார் வீட்டு விருந்துக்குப் போய்விட்டு மறுநாள் வந்தார்.

பட்டனை அழுத்திக் குரலிலேயே போட்டேன். "திருப்பதி, என் மகனுக்குக் காது குத்துன அன்னைக்கு ஒன் மடி எங்கடா இருந்துச்சு? ஒன் மாமியா வீட்டுப் பந்தியிலயா?" எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். தம்பி குரூப்பை விட்டே போய்விட்டான்.

மறுநாளிலிருந்து எனக்கு நெட் இல்லை. கலைமதி, திருப்பதி பெண்டாட்டிக்குச் சொந்தம். அவள்தான் ஏதோ செய்திருக்கிறாள். இருக்கட்டும். நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

ஐப்பசி 24, திங்கள்

மருமகளோடு பேச்சு இல்லை. அவள் வைத்த ரசத்தையும் தொடவில்லை. பசிக்கத்தான் செய்கிறது.

ஐப்பசி 27, வியாழன்

"ஏன் ஆத்தா சாப்புடல?" என்று சுவர் கேட்டது. "எனக்கு ஏன் நெட் வரலை?" என்று நான் கேட்டேன். "நெட் பொட்டியில ஏதோ கோளாறு. ஆள் வரும்" என்றான்.

ஆள் வரவில்லை. சாயங்காலம் கலைமதி வேலை விட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனைப் பார்த்தபடி நின்றாள்.

"என்னோடதயும் நிப்பாட்டிட்டாரு அத்தை."

"யாரு?"

"ஒங்க மகன்தான். நேத்து அவரு கூப்புட்டப்ப எங்க அம்மாகூடப் பேசிக்கிட்டிருந்தேன். லைன் கெடைக்கலையாம். யாருகூட அம்புட்டு நேரம்னு கேட்டாரு. எதுத்துப் பேசினேன். இப்ப நெட் இல்ல. எந்தப் போனுக்கு நெட் குடுக்கலாம், எதுக்கு நிப்பாட்டலாம்னு எல்லாத்தயும் அவரு அங்கிட்டு இருந்தே பாத்துக்குறாரு."

"அப்ப என்னோடது?"

தரையைப் பார்த்தாள். "அதுவும் அவருதான். திருப்பதி மாமா அவருகிட்ட போன்ல அழுதாராம். ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

நான் பெற்றது. பத்து நாளாக இவளை மனசுக்குள் என்னவெல்லாம் வைதேன் — சரி. அவளுக்கும் எனக்கும் சேர்த்து ரசம் சூடு பண்ணச் சொன்னேன்.

ஐப்பசி 30, ஞாயிறு

கலைமதிக்கு லீவு. நெட் பொட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள். பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை. ஊக்கு முனையால் உள்ளே அழுத்திப் பிடித்தால் வாங்கி வந்த அன்றைக்கு இருந்தபடி ஆகிவிடுமாம், மகன் போட்ட தடையெல்லாம் அழிந்துவிடுமாம். நான்தான் அழுத்தினேன். விளக்கெல்லாம் அணைந்து அணைந்து எரிந்தது.

அப்புறம்தான் வம்பு. உள்ளே போய்ப் புதிதாக எல்லாம் அமைக்க முதலில் பொட்டியோடு வந்த பாஸ்வேர்டு வேண்டும். அது அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் என்றாள். திருப்பினாள். திருப்பியவள் என்னைப் பார்த்தாள்.

சரஸ்வதி பூஜைக்கு மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். இந்தப் பொட்டிக்கும் வைத்தேன். மின்னுகிற விளக்கை மறைக்கக் கூடாதே என்று அடியில் வைத்தேன், ஸ்டிக்கர் மேலேயே. காய்ந்து இறுகிவிட்டது. சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து வருகிறது.

"சாமிக்கு நெட் போயிருச்சு அத்தை" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பொட்டி மாட்ட வந்த ஆண்டிச்சாமியை நினைத்தேன். முருகன் படத்துக்கு மேலே துளை போட்டுச் சாமி முகத்தில் செங்கல் தூளைக் கொட்டியவன். துடைத்துவிட்டுப் போடா என்றதற்குச் சிரித்தவன். சிரித்துக்கொண்டே ஸ்டிக்கரைப் பார்த்து சிவபிரகாஷுக்குப் போனில் ஒவ்வொன்றாகப் படித்தான். கோபத்தோடு கேட்டது எனக்கு அழியாது.

"எட்டு. கே. நாலு, நாலு. எம். சைபர். ஏழு. டி" என்றேன்.

அடித்தாள். உள்ளே போய்விட்டது.

"ஆண்டிச்சாமி மேல இன்னும் கோவமா அத்தை?"

"அவன் இன்னும் வந்து தொடைக்கல."

சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்து இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நெட் தருகிற கேபிள் ஆபீஸ் மெசேஜில் இருந்த கணக்குப் பேரை ஏற்றினாள். பிறகு, "புது பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும்? அவரு யூகிக்க முடியாததாச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். என்னவென்று இதில்கூட எழுதமாட்டேன்.

அவள் போனில் போட்டாள், என் போனில் போட்டாள். "கேமராவுக்கும் போட்டாத்தான் அது ஓடும்" என்று நிமிர்ந்து பார்த்தாள்.

நான் போடச் சொல்லவில்லை. அவளும் போடவில்லை.

கார்த்திகை 2, செவ்வாய்

ராஜலட்சுமி பேசினாள். மெலிந்திருக்கிறாள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று அவள் கேட்க, நான் அவள் சமையலைக் கேட்க, மதியம் போனது தெரியவில்லை.

கலைமதி கேட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினாள். "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் படி எறங்காதீங்க" என்றாள். இறங்கவில்லை. சாவி இடுப்பில் இருக்கிறது.

கார்த்திகை 5, வெள்ளி

சிவபிரகாஷ் சாதா போனில் கூப்பிட்டான்.

"கேமரா தெரியல ஆத்தா. பாஸ்வேர்டு கேட்டா, ஒங்களக் கேக்கச் சொல்றா கலைமதி."

"ஆமா, நான்தான் வச்சேன்."

"சொல்லுங்க."

"போன்ல சொல்ல மாட்டேன். ஊருக்கு வா. பக்கத்துல உக்காரு. சொல்றேன்."

நாலு வருசமாக வராதவன்.

"லீவு கேட்டுப் பாக்குறேன்" என்றான். பிறகு, "கால் எப்புடி ஆத்தா இருக்கு?" என்று கேட்டான்.

கேமரா இருந்தவரைக்கும் அவன் அதைக் கேட்டதில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.