படகு கட்டிய சுவர்

நவம்பர் 14, இரவு 10.20. பழைய அஞ்சலட்டையில் ஆற்றோரச் சரக்குக் கிட்டங்கிகள் ஏழு. நாகப்பட்டினத்தில் இன்று மிஞ்சியது ஒன்று.

அதில் நெல் மூட்டை அடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவன் நான். சோதிக்கப் போன அன்று, பின்சுவரை ஒட்டி காவலாளி குடியிருக்கும் கொட்டகையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பானையை இறக்கி அங்கே தோண்ட இடம் விடும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், வாசலில் மட்டும் மண்ணைத் தோண்டிப் பார்த்தேன்.

இன்று மூட்டைகள் ஏறிய பிறகு, காவலாளி செல்வம் அண்ணன் இந்த அட்டையைக் காட்டிச் சிரித்தார்.

"இன்ஜினியர் தம்பி, நம்ம பின்சுவத்தப் பாருங்க. தண்ணியில நிக்குது, படகு வேற கட்டியிருக்கான்!"

அப்படியானால் கொட்டகை இருப்பது ஆற்றைத் தூர்த்த மண்ணில்; மூட்டைப் பாரத்தில் பின்சுவர் சரிந்தால் அதன் மேல்தான் விழும். கண்ணை மூடினால் படகு ஆடுகிறது, உள்ளே அவர் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

1. காலையில் மூட்டைகளை இறக்க வைப்பது.
2. என் சான்றிதழ் தவறு என்று எழுதிக் கொடுப்பது.
3. அதற்கெல்லாம் முன்னால், இப்போதே போன் போட்டு அண்ணனை எழுப்பி, பிள்ளைகளோடு வாசல் பக்கம் வரச் சொல்— எழுதியது போதும், போனை எடுக்கிறேன்.