அன்னையர் ஞாயிறும் ஜெனியின் பூவும்

மே 7, வியாழன்

காலையிலேயே அனல். கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. நூலகப் புத்தகம் அறுபதாம் பக்கத்திலேயே நிற்கிறது.

ஞாயிறன்று ஆலயத்தில் அன்னையர் ஆராதனை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பதினான்கு பேர் என் பொறுப்பு. வேண்டியவை: ரோஜா (முள் நீக்கி), அட்டை, பசை, ஊக்கு.

மாலை ஒத்திகை. பீடத்தின் முன் நின்று பாடிவிட்டு, வலப்பக்கம் திரும்பி, பெண்கள் பக்கம் போய் அவரவர் அம்மாவிடம் பூ கொடுக்க வேண்டும். எல்லோரும் திரும்பினார்கள். ஜெனி மட்டும் அசையவில்லை. ஆறு வயது. அம்மா இறந்து மூன்று வருடம். அப்பா தேவராஜ் அண்ணன், பம்புசெட் மெக்கானிக், தனியாகத்தான் வளர்க்கிறார்.

"நான் யார்ட்ட டீச்சர் குடுக்கணும்?"

யோசிக்கவே இல்லை. "நீ ஐயரம்மாட்ட குடுடா கண்ணு." போதகரின் மனைவி, எல்லாப் பிள்ளைகள் மேலும் பிரியம். நல்ல ஏற்பாடு என்று எனக்கே ஒரு திருப்தி.

வரிசையில் பக்கத்தில் நின்ற ஸ்டீபன்: "ஏய், ஐயரம்மா உனக்கு அம்மாவா?"

ஜெனி: "உனக்குந்தான் இல்ல, போடா."

மே 9, சனி

வெயில் அப்படியே. பசை டப்பா காய்ந்து கல்லாகியிருந்தது. சோற்றுப் பருக்கை வைத்து அட்டை ஒட்டினோம். ஒரு கை எறும்பு.

கடைசி ஒத்திகை. பூதலூர் பக்கம் வேலை முடித்து நேரே வந்த தேவராஜ் அண்ணன் வாசலில் நின்றிருந்தார். ஜெனி, ஐயரம்மா உட்காரும் இடம்வரை நடந்து காட்டியதைப் பார்த்துவிட்டார்.

"டீச்சர், நாளைக்கு நான் வெளியவே நின்னுக்கறேங்க. ஆம்பளைங்க பக்கம் உக்காந்திருந்தா புள்ள என்னையே பாக்கும். குழம்பிடும்."

"சரிங்கண்ணே" என்றேன். சரியாம்!

பைக்கில் ஏற்றும் முன் அவளுடைய ரிப்பன் அவிழ்ந்திருந்ததைக் கவனித்தார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். கைக்குட்டையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்த பிறகே கட்டினார். வெள்ளை ரிப்பன். ஒரு கறை இல்லை.

புத்தகங்களில் தாயில்லாக் குழந்தைகளை எத்தனை பேர் இரக்கத்தோடு பார்த்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஜெனியைப் பார்த்திருக்கிறேன். தினமும் அந்தப் பின்னலை யார் போட்டுவிடுகிறார்கள் என்று பார்க்கவில்லை.

தேவராஜ் அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பூ அவருக்குத்தான், உள்ளே வந்து உட்காரட்டும் என்று நாளை ஆராதனைக்கு முன் சொல்லிவிட வேண்டும்.

மே 10, ஞாயிறு

சொல்ல முடியவில்லை. ரோஜா வந்ததே தாமதம். இரண்டு பேர் அழுகை. ஊக்கைக் காணோம். அதற்குள் மணி அடித்துவிட்டது.

பாட்டு சுமார். ஸ்டீபன் வசனத்தைப் பாதியில் விட்டான். பிள்ளைகள் வலப்பக்கம் திரும்பினார்கள். ஜெனி நேரே ஐயரம்மாவிடம் போனாள், பூவைக் கொடுத்தாள், முத்தம் வாங்கினாள். நகரவில்லை. கை நீட்டியபடியே.

"என்னடா தங்கம்?"

"டீச்சர் சொன்ன மாதிரி குடுத்துட்டேன்ல. இப்பத் திருப்பித் தாங்க. எங்கப்பாவுக்கு வேணும்."

சபை முழுக்கச் சிரிப்பு. ஐயரம்மாவும் சிரித்துக்கொண்டே பூவை அவள் கையில் வைத்து, "ஓடு, ஓடு" என்றார்.

வெறுங்காலோடு வாசலைத் தாண்டி ஓடினாள். பின்னாலேயே நான். தரை கொதித்தது. மரத்தடியில் பைக்கில் சாய்ந்திருந்தவர் பதறி ஓடி வந்து தூக்கிக்கொண்டார்.

"என்னடி இது, கால் சுடலயா?"

"இந்தா. ஐயரம்மா மோந்து பாத்துட்டாங்க. பரவால்லல்ல?"

வாங்கிக்கொண்டார். சட்டைப்பையில் வைக்கப் போனார், வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

ஜெனி என்னைப் பார்த்தாள். "திருப்பி வாங்கினது தப்பா டீச்சர்?"

"இல்லடா. தப்பா சொல்லிக் குடுத்தது நான்தான்."

"அப்ப அப்பாட்ட சாரி சொல்லுங்க."

"ஏய், டீச்சர்ட்ட அப்படிப் பேசாத" என்றார் அவர்.

சொன்னேன். கூடவே, "அம்மாமாருக்கான ஜெபம் இனிமேதான். உள்ள வாங்கண்ணே."