வீட்டு ஆட்கள் உட்கார்ந்த இடம்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம் என்று தொடங்கச் சொன்னால், சின்னவள் பேனாவை நிறுத்திவிட்டு என் வலது கையையே பார்க்கிறாள். மணிக்கட்டில் சுளுக்கு, அவ்வளவுதான், எலும்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், கட்டுப் போட்டிருக்கிறது, எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். ஆகவே கையைத் தவிர மற்றபடி எல்லாரும் சுகம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு இப்போது வேறு நினைப்பில்லை. நான் வாய்க்கு வந்தபடி சொல்வதையெல்லாம் இவள் பாடப்புத்தகத் தமிழாக்கி எழுதுகிறாள். அம்மா இவ்வளவு இலக்கணமாகவா புலம்பினாள் என்று உனக்குச் சந்தேகம் வந்தால் காரணம் அதுதான். போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் எதைத் தொடங்கினாலும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுகிறாய். காகிதத்திடம் அந்த வித்தை பலிக்காது.

வீட்டுச் சேதி என்று பார்த்தால், எங்கள் சீட் கவர் கடைக்குப் பள்ளிக்கூட வேன்களின் வேலை வந்திருக்கிறது, எல்லாம் நீல ரெக்சின், தைத்துத் தைத்துக் கனவிலும் நீலமாகவே வருகிறது. இப்போது கை இப்படி ஆனதால் முதலாளி என்னை வெட்டுகிற மேசைக்கு மாற்றி, இடது கையால் சாக்பீஸ் கோடு போடச் சொல்லியிருக்கிறார். என் கோடுகளைப் பார்த்துவிட்டு "இது சீட்டுக்கா, பாம்புக்கா?" என்று கேட்கிறார். சின்னவளுக்குப் பரீட்சை நெருங்குகிறது, ஆனாலும் நூலகத்தில்தான் குடியிருப்பு. அப்பா டிப்போவில் எப்போதும் போலப் பேருந்துகளுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறார். நீ வண்டி ஓட்டப் போகிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து அங்கே அவர் நடையே மாறிவிட்டதாம். "இதுவரைக்கும் என் பையன் வண்டியைத் துடைச்சான், இனிமே ஓட்டப் போறான்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்கிறாராம். உன் அத்தை விஷயத்தை அரைகுறையாகக் கேட்டுவிட்டு விடியற்காலையிலேயே வந்து நின்றாள். "என்ன அண்ணி, நம்ம புர்ரு பந்தயத்துல இறங்கிட்டானாமே, எவ்வளவு விட்டான்? சொத்து ஏதும் அவன் பேர்ல இல்லையே?" என்று ஒரே அழுகை. வாயாலேயே புர்ரென்று வண்டி ஓட்டித் திரிந்த வயதில் உனக்கு வைத்த பெயரை அவள் இன்னும் விடவில்லை. சூதாட்டமில்லை, கார்ப் பந்தயம் என்று சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, அவ்வளவுதானா" என்று காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு அது அவ்வளவுதான். காசு போனால் அழ வேண்டும், கார் போனால் வேண்டாம். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது.

நீ அன்றைக்குப் போனில், "எனக்கு வண்டி கொடுத்துட்டாங்கம்மா, வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை ஓட்டறேன்" என்று சொன்னபோது நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. சின்னவளைக் கேட்டால், "'காதுக்குப் பஞ்சு வச்சுக்கோ'ன்னு நீ சொன்னேம்மா" என்கிறாள். நீ சொன்னாயே, அது புதிதாகக் கட்டிய மைதானம் இல்லை, கார் என்ற ஒன்று வந்த காலத்திலிருந்தே ஓட்டுகிற பழைய சாலை, ஊருக்கும் மரத்துக்கும் நடுவே வளைந்து போகும் என்று. அதை என்னால் கண்ணில் கொண்டுவரவே முடியவில்லை. அப்போதுதான் இவள், நம் ஊரிலேயே அப்படி ஒரு சாலை இருந்தது என்று ஒரு குண்டைப் போட்டாள். நூலகத்தில் ஒரு பழைய படத்தில் பார்த்தாளாம், சக்கரமெல்லாம் சைக்கிள் சக்கரம் போல இருக்கிற கார்கள், ஓட்டுகிறவர்கள் முகம் முழுக்கப் புழுதி, பின்னால் நம்முடைய அதே தண்ணீர்த் தொட்டி. நாம் இத்தனை வருஷமாகக் காய்கறி வாங்கப் போகிற சாலைதான் அதில் ஒரு துண்டாம். மீதி எங்கே போயிற்று என்று தேடலாம் என்றாள். நான் உடனே சரி என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவளுக்கு இருந்தது ஆசை, எனக்கு இருந்தது வேறு கணக்கு. அந்தச் சாலையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்து உன்னை மிரட்டலாம் என்றுதான் கிளம்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா ஸ்கூட்டரில் பின்னால் வர, நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். மாவு மில்லுக்குப் பின்னால் பழைய பேப்பர் கடை இருக்கிறதல்லவா, அந்தக் கடைக்காரர் புட்டியை ஓர் அறையிலும் இரும்பை ஓர் அறையிலும் அட்டையை ஓர் அறையிலும் போட்டு வைத்திருக்கிறாரே, அந்த அறைகள்தான் அந்தக் காலத்தில் கார்களை நிறுத்தி டயர் மாற்றி எண்ணெய் ஊற்றிய இடம். சுண்ணாம்பு உதிர்ந்த ஓரிடத்தில் கறுப்பு மையில் ஓர் எண் தெரிந்தது, சின்னவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குள் நிற்பவள் மாதிரி நின்றாள். அங்கிருந்து சாலை மரக்கடைக்குள் நுழைந்து மறைந்துவிடுகிறது, அந்தப் பக்கம் போய்ப் பிடித்தால் ஒரு குறுகலான தெரு. அந்தத் தெருவே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, கண்ணா. ஒரு வரிசை வீடுகளுக்கு வாசற்படி அதிகம், எதிர் வரிசைக்குப் படியே இல்லை. வேகமாக வருகிற வண்டி வெளியே எகிறிப் போகாமலிருக்க வளைவில் வெளிப்பக்கத்தை உயர்த்திக் கட்டுவார்களாம், பிறகு வந்தவர்கள் அதன் மேலேயே வீட்டைக் கட்டிவிட்டார்கள். அங்கே இஸ்திரிக் கடைக்காரர் மேசையின் இரண்டு கால்களுக்குச் செங்கல் கொடுத்து மட்டமாக்கி வைத்திருக்கிறார். தெரு ஏன் இப்படி என்று கேட்டேன். "காரணமெல்லாம் தெரியாதும்மா. எங்க தெருவுல பந்து உருண்டாலும் அந்தப் பக்கம்தான், குடிச்சிட்டு வர்றவன் விழுந்தாலும் அந்தப் பக்கம்தான். எதிர்வீட்டுக்காரன் பாவம், பந்தையும் அவன்தான் எடுத்துக் கொடுக்கணும், ஆளையும் அவன்தான் எடுத்துக் கொடுக்கணும்" என்றார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகிறது. நான் மட்டும் சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்தேன். ஒரு தெருவையே சாய்க்க வேண்டியிருக்கிறது என்றால் அது என்ன வேகம், நீயே சொல்.

தெரு முடிந்ததும் தண்ணீர் ஏற்றும் நிலையம். அதற்குப் பின்னால் பழைய சாலை யாருக்கும் வேண்டாமல் அப்படியே கிடக்கிறது, வெடித்த தார், வெடிப்பெல்லாம் புல். நிலையத்தில் பம்ப் பார்த்துக்கொள்கிற அம்மாள் குடத்தோடு வந்தவள் எங்களைப் பார்த்து, "இடம் வாங்க வந்தீங்களா? வாங்காதீங்க, பட்டா இல்லை" என்று எச்சரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளே ஒரு மேட்டுக்குக் கூட்டிப் போனாள். இடுப்புயரச் சுவர், அதற்கு உட்புறம் கல்லால் இரண்டு மூன்று வரிசை இருக்கை. பார்க்க வந்த ஜனத்துக்கா என்று சின்னவள் கேட்டாள். "இல்லை பாப்பா, இது ஓட்டறவங்க வீட்டு ஆளுங்க உட்கார்ற இடம்னு எங்க மாமனார் சொல்வார். அவரும் இதே பம்ப்தான் பார்த்தார்" என்றாள். நான் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே நேர்ச்சாலை நன்றாகத் தெரிகிறது. பிறகு பெரிய பாறை ஒன்று மறைத்துக்கொள்கிறது. பாறைக்கு அந்தப் பக்கம் திரும்பவும் சாலை தெரிகிறது. வளைவு முழுவதும் பாறைக்குப் பின்னால். வண்டி உள்ளே போவது தெரியும், வெளியே வருவது தெரியும், நடுவில் நடப்பது தெரியாது. யாராவது இப்படி ஓர் இடத்தில் இருக்கை போடுவார்களா என்று கேட்டேன். "வேணும்னேதான் போட்டாங்களாம். தெரிஞ்சா பொம்பளைங்க சுவர் ஏறிக் குதிச்சிருவாங்களாம்" என்றாள். எத்தனை பேர் இங்கே போனார்கள் என்று, நான் எதற்காக வந்தேனோ அதைக் கேட்டேன். அவள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "யார் யார் ஜெயிச்சாங்கன்னு மாமனார் விடிய விடியச் சொல்வார். யார் வரலைன்னு ஒருநாளும் சொன்னதில்லைம்மா" என்றாள். உன்னை மிரட்டுவதற்கு எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

கிளம்பியிருக்கலாம். சின்னவள்தான், "அப்பா, ஒரு தடவை ஸ்கூட்டர்ல வளைஞ்சு வாங்களேன், அம்மா இங்கேயிருந்து பார்க்கட்டும்" என்றாள். உங்கள் அப்பா ஸ்கூட்டர் ஓட்டும் லட்சணம் உனக்குத் தெரியும், சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு முந்திப் போவான். அவர் நேர்ச்சாலையில் வந்து, எங்களைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பாறைக்குப் பின்னால் போனார். சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு சட்டென்று நின்றது. இந்தப் பக்கம் வருவார் என்று பார்க்கிறேன், வரவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. நடக்கிற வேகத்தில் போகிற மனிதருக்கு என்ன ஆகிவிடும் என்று புத்திக்குத் தெரிகிறது, ஆனால் புத்தி அப்போது எங்கே இருந்தது? நான் எப்போது சுவர் மேல் ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. குதித்தேன், கை ஊன்றி விழுந்தேன். கை சுளுக்கியது இப்படித்தான். அப்படியே எழுந்து பாறையைச் சுற்றி ஓடினால், மனிதர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார், ஒரு கீறல் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வண்டி நின்றுவிட்டது என்றார். "இல்லைப்பா, சாவியை நீங்கதான் திருப்பினீங்க, சாவி உங்க கையிலேயே இருக்கு" என்று பின்னாலேயே ஓடி வந்த சின்னவள் சொல்லிவிட்டாள், இவளுக்கு எதையும் பார்க்காமல் இருக்கத் தெரியாது. அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "வளைவுல வண்டி தானா சாய ஆரம்பிச்சுது. பயந்து நானேதான் நிறுத்திட்டேன். நான் போனது ஒரு வேகமா? அவன் இதுல எப்படிடீ போவான்?" என்று என்னைக் கேட்டார். டிப்போ முழுக்கப் பெருமை பேசிய மனிதர் என்னிடம் கேட்கிறார், நான் யாரிடம் கேட்பேன்? இரண்டு பேரும் அந்தப் புல் முளைத்த சாலையில் நின்றுகொண்டிருந்தோம். எங்களைத் தேற்றுகிறாளாம் சின்னவள், "திரும்பி வர்றதுக்குத்தானேம்மா ரோட்டை வட்டமா போட்டிருக்காங்க, கிளம்பின இடத்துக்கே வந்தாகணும்ல" என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பேருந்து நிறுத்தம் வரைக்கும் அந்த ஆறுதல் தாங்கியது.

அன்றிரவே உன்னைக் கூப்பிட்டு, போகாதே என்று சொல்லிவிடச் சொன்னேன். அப்பா போனைக் கையில் எடுத்தார், உன் பெயர் வரைக்கும் வந்தார், வைத்துவிட்டார். "கால் வலிக்குதுன்னு சொன்னா லீவு போட்டுருவான். பயமா இருக்குன்னு சொன்னா என்ன செய்வான்? அந்தப் பயத்தையும் தூக்கிக்கிட்டுல்ல வண்டியில ஏறுவான்" என்றார். அது சரிதான். அதனால்தான் இந்த இரண்டு நாளும் போனில் வெயிலைப் பற்றியும் வேனைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். நீயும் என்னிடம் எதையோ சொல்லாமல் பேசினாய், எனக்குத் தெரியும். இன்றைக்குச் சின்னவள் தபால் நிலையத்தில் விசாரித்துவிட்டு வந்தாள், உன் ஊருக்குக் குறைந்தது பத்து நாளாவது ஆகுமாம், உன் ஓட்டம் முடிந்த பிறகுதான் இது உன் கைக்கு வரும். எழுதித் தீர்க்கலாம் என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன். போகாதே என்று நான் இதில் எழுதினாலும் உன்னைத் தடுக்காது. போய் வா என்று எழுதினாலும் உனக்கு உதவாது. ஒன்றுக்கும் ஆகாத கடிதம்தான், ஆனாலும் இதை எழுதாமல் இந்த வாரத்தை என்னால் கடத்த முடியவில்லை.

இனி ஓட்டுவாயானால் சிலது சொல்கிறேன், கேட்டுக்கொள். ஓட்டுவதற்குப் போடுகிற உடுப்பின் அக்குள் தையலை நீயே இழுத்துப் பார், எவ்வளவு நல்ல கடையாக இருந்தாலும் அங்கேதான் முதலில் விடும். இருக்கையில் முதுகின் இடது பக்கம் இடைவெளி இருந்தால் சொல்லிச் சரி செய்துகொள், உனக்கு இடது தோள் சற்று இறக்கம், சட்டை தைத்த எனக்குத் தெரியும், அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. வெறும் வயிற்றில் ஏறாதே, நிறையச் சாப்பிட்டுவிட்டும் ஏறாதே. முந்திப் போகிறவனைப் பார்த்து வீம்பு பிடிக்காதே. முக்கியமாக ஒன்று, ஓட்டம் முடிந்து கீழே இறங்கியதும், கை குலுக்குகிறவர்கள் கையை நீட்டுவதற்கு முன்னால், எங்களுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிடு. பேச வேண்டாம், ஒரு மணி அடித்தால் போதும், நாங்கள் எடுக்க மாட்டோம். நீ ஜெயித்தாயா, எத்தனையாவதாக வந்தாய் என்பதையெல்லாம் அப்பா மெதுவாகக் கேட்டுக்கொள்வார், டிப்போவுக்கு அது வேண்டும்.

நீ நீண்ட ஆயுளோடு, எடுத்த காரியம் கைகூடி, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம், சின்னவள் தன் அன்பையும் சேர்க்கச் சொல்கிறாள். இன்று செவ்வாய்க்கிழமை, ஞாயிறு இன்னும் வரவில்லை. இந்தக் கடிதத்தை நீ பிரித்துப் படிக்கிறாய் என்றால் நீ வளைவைத் தாண்டி வந்துவிட்டாய் என்று அர்த்தம். உனக்கு அது தெரியும், கண்ணா. சொல்லிக்கொண்டிருக்கிற எனக்கு இன்னும் தெரியாது.

இடது கையால் கையெழுத்திடும்,
உன் அம்மா