வெள்ளிக்கிழமை பாட்டில்

போன வியாழக்கிழமை பேகம்பூர் திருப்பத்தில் உன் வாசம் என் மேல் வந்து மோதியது.

பூ மார்க்கெட்டில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று, தார்ப்பாய்க்கு அடியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டப் போனது. பக்கத்து வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்தேன். உப்பு, கொழுப்பு, ஆட்டு ரோமம், அதற்கடியில் லேசாக ஒரு புளிப்பு. டீக்கடைக்காரர் என்னவோ ஏதோவென்று டம்ளரில் தண்ணீரோடு ஓடி வந்தார். நாற்றத்துக்காக அழுகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றேன்.

மூக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உனக்கு எழுதுகிறேன்.

உனக்குத் தோல் மண்டி, எனக்குப் பூக் கமிஷன் கடை. நாம் சேர்ந்து நடந்தால் மார்க்கெட்டில் சிரிப்பார்கள். நீயோ அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வாய். நாள் முழுக்கத் தோலுக்குள் கிடக்கிற உனக்கு மூக்கு இருக்கிறதாம், நாள் முழுக்கப் பூவுக்குள் கிடக்கிற எனக்கு இருப்பது வெறும் சளியாம். உண்மையும் அதுதான். உப்புப் போட்டு அடுக்கிய கட்டுக்குள் எந்தத் தோல் உள்ளுக்குள் அழுக ஆரம்பித்திருக்கிறது என்பதைக் கட்டைப் பிரிக்காமலே சொல்லிவிடுவாய்.

விஸ்கி நம் நடுவே வந்தது உன் மூத்த மகள் நிக்காஹ் சமயத்தில். மேடைக்குப் பூ சொல்ல என் மாடி அறைக்கு வந்திருந்தாய். கப்பலில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் கொண்டுவந்த பாட்டில் மேஜையில் இருந்தது. சிங்கிள் மால்ட். ஒரே வடிசாலையில், வாற்கோதுமை முளையை மட்டும் வைத்துக் காய்ச்சி, வருஷக்கணக்காக மரப்பீப்பாயில் தூங்கவைத்தது என்று அவன் எனக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போயிருந்தான். அதுவரை எனக்குத் தெரிந்த விஸ்கியெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிற வகை.

நீ ஒரு சொட்டை நாக்கில் வைத்ததில்லை. அஞ்சு வேளை தொழுகிறவன். ஆனாலும் நான் ஊற்றிய கிளாஸ் பக்கம் உன் தலை தானாகத் திரும்பியது. தோல் கட்டின் மேல் குனிகிற மாதிரியே கண்ணை மூடிக் குனிந்தாய். கிளாஸைத் தொடவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்துவிட்டு, "ஆவாரம்பட்டை ஊறுது மாப்ள. எங்க அத்தா காலத்துத் தொட்டி" என்றாய். உன் அப்பா தோலைப் பதனிட ஆவாரம்பட்டை ஊறவைத்த தொட்டி ஒரு விஸ்கிக்குள் எப்படி வரும் என்று நினைத்துக்கொண்டே ஒரு வாய் குடித்தேன். இருந்தது. நீ சொன்ன பிறகு அது அங்கே இருந்தது.

இது சரிதானா என்று நான்தான் கேட்டேன். வாய்க்குத்தான் விலக்கு, மூக்குக்குக் கேள்வி வந்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றாய். அதற்குமேல் அதைப் பற்றி நாம் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித் தொடங்கின. மதியச் சாப்பாட்டுக்கு முன், வயிறு காலியாக இருக்கும்போது. மூக்குக்கு அதுதான் நல்ல நேரம் என்று கண்டுபிடித்தவன் நீ. அக்கா மகன் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் உயரச் சின்னப் பாட்டில்களாகக் கொண்டுவருவான். நீ முகர்வாய், நான் குடிப்பேன். இரண்டு பேருக்கும் பிடித்ததை அடுத்த பயணத்தில் பெரிய பாட்டிலாகக் கொண்டுவரச் சொல்வோம். பாட்டில்களின் பேர் தெரியாதபடி செய்தித்தாள் சுற்றி வைக்கச் சொல்வாய். "பேரப் பாத்துட்டா மூக்கு பொய் சொல்ல ஆரம்பிச்சிரும்." எனக்கு இன்னொரு சட்டமும் உண்டு. பூ மார்க்கெட் சட்டையோடு மாடிக்கு வரக்கூடாது. குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். என் சொந்த வீட்டில் எனக்கே சட்டம்.

விஸ்கி பற்றிய புத்தகங்களில் போட்டிருக்கிற பழங்களையும் பூக்களையும் நாம் பார்த்ததில்லை. நம்மிடம் நம் ஊர் இருந்தது. ஒன்றில் சிறுமலை வாழைப்பழம் தோல் கறுத்து நின்றது. ஷெர்ரி ஒயின் வைத்திருந்த பீப்பாயில் கிடந்த இன்னொன்றில் பேரீச்சம்பழமும் பழைய பீரோவும். கடலோரத் தீவிலிருந்து வந்ததைப் புண்ணுக்குப் போடுகிற டிங்சர் என்றேன் நான், முகத்தைச் சுளித்துக்கொண்டு. நீ கிளாஸை விட்டு எழுந்திருக்கவே இல்லை. முளையைக் கரிமண் புகையில் காயவைத்ததாம். "கன்னிவாடி மலையடியில தீப்பிடிச்சு, மழ பெஞ்சு அணைஞ்ச மறுநாள்" என்றாய். அதைத்தான் பெரிய பாட்டிலாகக் கொண்டுவரச் சொன்னோம்.

உன் கிளாஸைக் கழுவ விடமாட்டாய். திங்கட்கிழமை காலை மண்டிக்குப் போகிற வழியில் மாடியேறி வந்து, காய்ந்துபோன கிளாஸுக்குள் மறுபடி மூக்கை விடுவாய். "தண்ணி போனதுக்கப்புறம் என்ன நிக்குதோ அதான் சரக்கு" என்பாய். என் மனைவி செல்வி கீழேயிருந்து, "அண்ணே, வெறுங்கிளாஸ மோந்து பாக்க ஒரு ஆளு, நல்லா கூடுனீங்க ரெண்டு பேரும்" என்பாள்.

அப்பேர்ப்பட்ட நீயே சறுக்கினாய். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒரு வெள்ளிக்கிழமை அக்கா மகன் வந்தான், சாயங்காலமே கிளம்ப வேண்டும் என்றான். ஜும்மா தொழுகை முடிந்த கையோடு வெள்ளை ஜிப்பாவில் நீ ஓடி வந்தாய். ஒரு சின்னப் பாட்டிலை முகர்ந்ததும் உன் முகம் மலர்ந்தது. ரோஜா, வேறெதிலும் இல்லாத ரோஜா என்றாய். உன் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஒரு பெட்டியே கொண்டுவரச் சொன்னேன். வந்தது. ஞாயிற்றுக்கிழமை திறந்தோம். நனைந்த சாக்கு. பழைய கோதுமை மாவு. அவ்வளவுதான். நீ திரும்பத் திரும்ப முகர்ந்தாய். பிறகு மெதுவாக உன் மணிக்கட்டைத் தூக்கி மூக்கில் வைத்தாய். வெள்ளிக்கிழமைகளில் அத்தர் பூசுகிற இடம். "நான் என்னையவே மோந்திருக்கேன் மாப்ள" என்றாய். அன்று நாம் சிரித்த சிரிப்பில் செல்வி மாடிக்கு ஏறி வந்துவிட்டாள். அந்தப் பெட்டிக்கு வெள்ளிக்கிழமை பாட்டில் என்று பேர் வைத்தோம். யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை. இன்னும் இருக்கிறது.

பிறகு கொரோனா. இரண்டாவது அலையில் இரண்டு பேரும் ஒரே வாரம் படுத்தோம். நான் மாடி அறையில், நீ ஆஸ்பத்திரியில். மூச்சு வாங்கிக்கொண்டே போன் செய்தாய்.

"வாசம் வருதா மாப்ள?"

வரவில்லை என்றேன்.

"எனக்கும் போச்சு. பக்கத்துலயே பெனாயில் ஊத்துறாங்க, அதுகூடத் தெரியல." கொஞ்ச நேரம் இருமல். "மூக்கு வந்த மொத ஞாயித்துக்கிழம உக்காருவோம். எத வேணா வையி. பேர மட்டும் மூடி வையி."

அதுதான் கடைசி. உன்னைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் முகம்கூடத் தெரியவில்லையாம், எல்லாரும் பிளாஸ்டிக் உடுப்பில் இருந்தார்களாம். நான் கதவுக்கு இந்தப் பக்கம் கிடந்தேன். ஊருக்கெல்லாம் பூ அனுப்புகிறவன், உன் கபர் மேல் ஒரு பிடி பூ போட வரவில்லை.

காய்ச்சல் போன பிறகும் எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. மல்லிகை மூட்டைக்குள் தலையை விட்டாலும் வெறும் ஈரம்தான். மாதங்கள் போயின. ஒரு சாயங்காலம் மாடியில் உட்கார்ந்திருந்தபோது புகை வந்தது. கீழே ஓடி, என்ன கருகுது என்று செல்வியிடம் கேட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை என்றாள். மறுபடி மேலே வந்து நின்றேன். மழையில் அணைந்த தீ, டிங்சர், ஈரச் சாம்பல். அந்தத் தீவு விஸ்கி மூடிய பாட்டிலாக அலமாரியில் இருக்கிறது, அறை முழுக்கப் புகை.

நீதான் என்று நினைத்தேன். மறைப்பதற்கென்ன, உன் கிளாஸை எடுத்து எதிரில் வைத்தேன். பேசினேன். அன்று முதல் நீ வந்துகொண்டே இருந்தாய். பல் விளக்கும்போது வந்தாய். சோற்றில் வந்தாய். கடையில் நான் அள்ளுகிற பூவிலெல்லாம் அந்தப் புகை, செல்வியின் தலைமுடியிலும் அந்தப் புகை. உலகத்தில் வேறு வாசமே இல்லை, நீ மட்டும் இருந்தாய். சில நாள் பயமாக இருந்தது. பயத்தைவிட ஆறுதல் பெரிதாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

செல்வி விடவில்லை, மதுரைக்கு இழுத்துப் போனாள். மூக்கு அனுப்பாத வாசத்தை மூளை தானாகப் போட்டுக்கொள்கிறது என்றார் டாக்டர். கிராம்பு, எலுமிச்சை என்று தினமும் முகர்ந்து பழகச் சொன்னார். நரம்புக்கு மாத்திரை கொடுத்தார், சாப்பிட்டால் புகை போய்விடும் என்றார். கிராம்பை முகர்ந்தேன். மாத்திரையை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதை விழுங்கினால் உன்னையும் சேர்த்து விழுங்கிவிடுவேன் என்று இருந்தது. எனக்கு மூக்கு வேண்டாம், நீ போதும்.

சில நாள் கழித்து செல்வி அந்த மாத்திரை அட்டையைக் கண்டுபிடித்தாள். சத்தம் போடுவாள் என்று பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்:

"கிளாஸுல இல்லாதது மூக்குல வருது. அண்ணன் இருந்தா இத வாசம்னு ஒத்துக்கிருவாரா?"

ஒத்துக்கொள்ள மாட்டாய். பேரை மறைக்கச் சொன்னவன் நீ. உன் மணிக்கட்டையே சந்தேகப்பட்டவன் நீ. மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்தேன். புகை மெலிந்தது, விட்டுவிட்டு வந்தது, ஒரு நாள் வரவில்லை. உன்னை இரண்டாவது தடவை அடக்கம் செய்தேன். இந்தத் தடவை நானே, என் கையால். அப்புறம் வீட்டில் ஒரு வாசமும் இல்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அப்படியே கிடந்தேன், போன வியாழக்கிழமை அந்த லாரி வரும்வரை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூ மார்க்கெட்டிலிருந்து வந்த வேகத்தில் மாடியேறினேன். அலமாரியிலிருந்து எதையாவது ஒன்றைச் செய்தித்தாள் சுற்றி, இரண்டு கிளாஸில் ஊற்றச் சொன்னேன் செல்வியிடம். ஊற்றிவிட்டுக் கீழே போய்விட்டாள். உன் கிளாஸ் உன் பக்கம், என்னுடையது என் பக்கம். குனிந்தேன்.

பூ. நல்ல, கனமான பூவாசம். செய்தித்தாளைக் கிழித்தேன். வெள்ளிக்கிழமை பாட்டில்.

நீ வந்துவிட்டாய் என்று அந்த நிமிஷம் நம்பினேன். அத்தரோடு, ஜிப்பாவோடு, எதிரில். கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நீ செய்ததைத்தான் செய்தேன், மெதுவாகக் கையைத் தூக்கி மூக்கில் வைத்தேன். காலையில் அள்ளிய மல்லிகை, சட்டைக் கை முழுக்க. குளிக்காமல் வந்திருந்தேன். நான் என்னையே முகர்ந்திருக்கிறேன்.

கீழே போனேன். சோப்புப் போட்டுக் குளித்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். நனைந்த சாக்கு. பழைய கோதுமை மாவு. ரோஜா இல்லை, மல்லிகை இல்லை, புகை இல்லை. அன்றைக்கு நாம் திறந்தபோது இருந்த அதே மட்டமான விஸ்கி, ஒரு குறையும் இல்லாமல். இத்தனை வருஷமாக நான் அழுததெல்லாம் காய்ச்சலுக்கும் போனுக்கும் புகைக்கும். நேற்றுத்தான் நீ செத்துப்போனாய். எதிரில் நிறைந்திருந்த உன் கிளாஸைப் பார்த்துக்கொண்டு சத்தம்போட்டு அழுதேன். செல்வி மாடிக்கு வரவில்லை, விட்டுவிட்டாள்.

இன்று காலை, கடைக்குக் கிளம்புமுன் மாடிக்குப் போனேன். உன் கிளாஸில் இருந்ததை நேற்றே செடியில் ஊற்றியிருந்தேன், கழுவவில்லை. காய்ந்திருந்தது. உன் இடத்தில் உட்கார்ந்து மூக்கை உள்ளே விட்டேன். லேசாக மரம். கொஞ்சம் சாக்கு. வேறெதுவும் நிற்கவில்லை. நிற்கவில்லை என்று எனக்குத் தெரிகிறது, அந்த மூக்கைத்தான் நீ எனக்கு விட்டுப் போயிருக்கிறாய். கிளாஸை அப்படியே கவிழ்த்து வைத்திருக்கிறேன். கழுவ வேண்டாம் என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறேன்.