ஊசி இல்லாத சிரிஞ்சுகள்

டீச்சர்,

இன்று காலை வெள்ளவத்தை டிஸ்பென்சரியில் எனக்கு ஊசி போட வந்த பெண், சிரிஞ்சை நிமிர்த்தி ஒரு துளி மருந்தை வெளியே தள்ளினாள். ஸ்பிரிட் மணம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அன்ரி, பயத்திலயோ சிரிக்கிறீங்கள்?"

"இல்லைப் பிள்ளை. கண் மட்டத்துக்குத் தூக்கிப் பாரும், அப்பதான் அளவு சரியாத் தெரியும்."

என்னை ஓய்வுபெற்ற நேர்ஸ் என்று நினைத்திருப்பாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட தையல்காரி என்று சொல்லி, கிடைத்த மரியாதையை நான் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் கழிந்துவிட்டது. உங்களோடு கதைப்பதை நான் இன்னும் நிறுத்தவில்லை. இப்போது நீங்கள் குறுக்கே கதைக்க முடியாது, அதில் எனக்குக் கொஞ்சம் லாபமும் உண்டு.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? சண்டைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்து எங்கள் வெள்ளவத்தைப் பிளாட்டின் மேல்மாடியில் அறை எடுத்திருந்தீர்கள். பிளவுஸ் தைக்கத் துணியோடு வந்து, "சோக்குக்கட்டி வைக்க உள்ளுக்கு ஒரு பொக்கெற் வையும்" என்றீர்கள். பிளவுஸுக்குப் பொக்கெற் கேட்ட முதல் மனிசி நீங்கள்தான். அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது.

கொட்டாஞ்சேனையில் என் மகள் படித்த சின்னப் பள்ளிக்கூடத்துக்கே நீங்கள் கெமிஸ்ட்ரி டீச்சராக வந்தீர்கள். லாப் என்று ஓர் அறை. அதில் ஒரு நீளமேசை, ஒழுகும் பைப், பல்லிமுட்டை நிறைந்த அலுமாரி. கல்விக் கந்தோரில் இருந்து ஓர் ஐயா வந்து பார்ப்பார், செய்முறை வகுப்புத் திருப்தி இல்லை என்றால் ஏ.எல். உயர்தர வகுப்பில் கெமிஸ்ட்ரிக்கு அனுமதி இல்லை, பிள்ளைகள் எல்லாரும் கலைப்பிரிவுக்குப் போக வேண்டியதுதான் என்று கடிதம் வந்தது. அன்றிரவு மகள் சாப்பிடவில்லை. "கெமிஸ்ட்ரி இல்லையெண்டா நானும் உங்கட மெஷினிலயே குந்துறன்" என்றாள். என் மெஷின் ஏதோ மறியல் வீடு, தான் அதில் கைதி மாதிரி!

அதிபர் கொஞ்சக் காசு தந்து, "பெரிய சாமானாப் பாத்து வாங்குங்கோ. வாற ஆள் வாசலிலயே அசந்து போகோணும்" என்றார். பேரம் பேச என்னைக் கூட்டிக்கொண்டு புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போனீர்கள்.

அந்தக் கடையில் ஒரு கண்ணாடிச் சாமான் இருந்ததே! உருண்டைக் குடுவை, அதன் தலையில் பாம்பு மாதிரிச் சுருண்ட குழாய், பிடித்துக்கொள்ள இரும்புத் தாங்கி. நான் மயங்கிப்போனேன்.

"டீச்சர், இதை எடுங்கோ. பாக்கவே கலியாண வீடு மாதிரிக் கிடக்கு."

"இதில எத்தினை பேர் செய்யலாம்?"

"நீங்கள் செய்யுங்கோ. பிள்ளையள் பாப்பினம்."

"அப்ப அது படம் காட்டுறது. செய்யப்போற வேலை என்ன எண்டு முதல் சொல்லும். சாமானைப் பிறகு பாப்பம்."

வேலை, அமிலத்துக்குள் காரத்தைத் துளித்துளியாக விட்டு, நிறம் மாறுகிற இடத்தில் கையை நிறுத்துவது. விடும்போது பாத்திரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு விளங்கட்டும் என்று கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கி ஒரு பீக்கரில் ஊற்றி, "சுத்தும் பாப்பம்" என்றீர்கள். சுற்றினேன். பாதித் தண்ணீர் என் சீலையில். பிறகு அதே தண்ணீரைக் கூம்புக்குடுவையில் ஊற்றித் தந்தீர்கள். அடி அகலம், கழுத்து ஒடுக்கம். கரகாட்டம் ஆடினேன், ஒரு சொட்டு வெளியே வரவில்லை. உருண்டைக் குடுவையோ மேசையில் விட்டால் உருண்டு விழும், அதற்கு ஒரு தாங்கி வேண்டும். இதற்குத் தன் குண்டியே போதும் என்றேன். கடைக்காரர் சிரித்த சிரிப்பில் விலையும் கொஞ்சம் இறங்கியது.

ஆளுக்கொரு சின்னக் கூம்புக்குடுவை வாங்கியதும் காசு முடிந்தது. துளி விடுகிற பியூரெட் ஒன்றுகூட இல்லை. நீங்கள் அசையவில்லை. நேரே பாமசிக்குப் போய்ப் பிளாஸ்டிக் சிரிஞ்சுகளாகக் கேட்டீர்கள்.

"கெமிஸ்ட்ரியோ டீச்சர், இல்லாட்டி கொட்டாஞ்சேனை முழுக்க ஊசி குத்தப் போறியளோ?" என்று நான் கேட்டேன்.

"ஊசியைக் கழட்டிப்போட்டுப் பாரும். கோடு இருக்கு, துளி வரும், விழுந்தா உடையாது. எங்களுக்கு வேறென்ன வேணும்?"

ஒவ்வொன்றிலும் தண்ணீர் இழுத்து, அளவு சரியா, ஒழுகுகிறதா என்று அறையில் இருந்து சோதித்தீர்கள். நானும் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் நசுங்காமல் கொண்டுபோக மண்ணிறத் துணியில் ஓர் உறை தைத்தேன். வரிசையாக நெருக்கமான பொக்கெற்றுகள், பொக்கெற்றுக்கு ஒரு சிரிஞ்ச், சுருட்டிக் கட்ட நீள நாடா. என் வாழ்நாளில் தைத்த மிகச் சிறந்த சாமான் அதுதான். நீங்களே மெச்சினீர்கள்.

அந்த ஐயா வருகிற நாள் காலை, மகள் முதல் பஸ்ஸில் போய்விட்டாள், நானும் உங்களோடு வந்தேன். கோட்டைக்குக் கிட்டச் செக்பொயின்ற்றில் பஸ்ஸை நிற்பாட்டி எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் உங்கள் பையைத் திறந்து உறையை எடுத்தான். நாடாவை இழுத்தான். அது அவன் நெஞ்சளவுக்கு விரிந்து தொங்கியது. பொக்கெற் பொக்கெற்றாகக் குழாய்கள், இடுப்பில் கட்டுவதற்கு அளவான நாடா.

அந்த நொடியில்தான் என் தையலை நான் அவன் கண்ணால் பார்த்தேன். குண்டு கட்டுகிற அங்கி!

வரிசையில் நின்ற சனம் பின்னுக்கு ஓடியது. துவக்குக் குழல்கள் எங்களை நோக்கி நிமிர்ந்தன. உங்கள் அடையாள அட்டையிலோ யாழ்ப்பாண விலாசம். "மே மொகத?" என்று, இது என்ன என்று, ஓர் அதிகாரி கத்தினான். எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் நூல்கடையில் பழகியது. "இஸ்கோலே லமய்ன்ட, மஹத்தயா" என்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஐயா என்று, திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒரு சொல் சிங்களம் தெரியாத நீங்கள், அவன் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைச் சுட்டிக் காட்டினீர்கள். அவன் தலையாட்டினான். மெதுவாக ஒரு சிரிஞ்சை எடுத்து, தண்ணீரை இழுத்து, கண் மட்டத்துக்குத் தூக்கி, போத்தல் மூடிக்குள் ஒவ்வொரு துளியாக விட்டீர்கள். இங்கிலிசில் வகுப்பே எடுத்தீர்கள், வகுப்பில் அவனும் ஒருவன் மாதிரி. அவன் குனிந்து கோட்டைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல இளகியது. "மம கெமிஸ்ட்ரி பெயில்" என்றான். தான் பெயிலாம்! "இப்ப வந்தாலும் டீச்சர் படிப்பிப்பா" என்று நான் தமிழில் சொன்னேன், நல்லவேளை அவனுக்கு விளங்கவில்லை. உறையை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டு, சிரிஞ்சுகளைச் சொப்பிங் பையில் போட்டு அனுப்பினான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கந்தோர் ஐயா லாப் வாசலில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிபர் சொப்பிங் பையை எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "டீச்சர், இதென்ன ஆஸ்பத்திரி வாட்டோ?"

ஐயா கேட்டார்: "சரி, ஆர் செய்து காட்டப்போறது?"

"எல்லாரும்" என்றீர்கள்.

நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். எல்லாப் பிள்ளைகளின் இடக்கையிலும் குடுவை, வலக்கையில் சிரிஞ்ச். திடீரென்று மூலையில் ஒரு குடுவை மெல்லிய ரோசாவானது. பிறகு பக்கத்தில் ஒன்று. பிறகு மேசை நீளத்துக்கு ஒவ்வொன்றாக. என் மகளினது கடைசியாக மாறியது. சுழற்றினாள், நிறம் போகாமல் நின்றது. ஐயா ஒரு குடுவையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். "நான் பாத்த பள்ளிக்கூடங்களில டீச்சர்மார்தான் செய்வினம். பிள்ளையளின்ர கை நனைஞ்சதை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று சொல்லி, அங்கேயே கையெழுத்து வைத்தார். நான் வெளியில் நின்று கைதட்டினேன். "வெளியில நிக்கிற அன்ரி, சத்தம் போடாதேங்கோ" என்று நீங்கள் அதட்டினீர்கள். உங்கள் முகம் முழுக்கச் சிரிப்பு.

மகள் இப்போது தண்ணீர் சோதிக்கிற பெரிய லாப் ஒன்றில் வேலை. போன கிழமை படம் அனுப்பியிருந்தாள். பக்கத்தில் ஆள் உயரத்தில் ஒரு மெஷின், தானே துளி விட்டுத் தானே நிறுத்துமாம். அழகாய்த்தான் இருக்கிறது. அன்றைய சிரிஞ்சுகளில் ஒன்று என் தையல் மெஷின் இழுப்பு லாச்சியில் கிடக்கிறது. அதால்தான் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறேன், ஒரு துளி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இன்று டிஸ்பென்சரியால் வந்து அதைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டே மகளுக்குப் போன் எடுத்தேன்.

"மெஷின் நல்லதுதான் பிள்ளை. ஆனா அதில எத்தினை பேர் செய்யலாம்?"

அந்தப் பக்கத்தில் மகள் சிரித்தாள், டீச்சர். உங்கள் சிரிப்பு.